டெலியா, வைடா? காந்தலூர் மலையில் ஒரு பழைய வழக்கு

கையடக்க கேமராவின் லென்ஸைக் கழற்றி வேறொன்று மாட்ட முடியாது. அது எட்டிப் பார்க்கிற தூரம்தான் தூரம், விரித்துப் பார்க்கிற அகலம்தான் அகலம். என்னிடம் இருந்தது 2003இல் வெளிவந்த கேனன் பவர்ஷாட் ஏ70. 3.2 மெகாபிக்சல், நான்கு பென்டார்ச் செல், ஃபிலிம் கேமராக் கணக்கில் 35 முதல் 105 மி.மீ. வரை போகும் மூன்று மடங்கு ஜூம். காதுகுத்துக்கும் பள்ளி ஆண்டு விழாவுக்கும் அது தாராளம். உடுமலைப்பேட்டையில் பஸ் ஏறிக் காந்தலூர் போகிறவனுக்கு அது இரண்டு பக்கமும் போதாது.

அந்தப் பாதையைத் தெரிந்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஒன்பதாறு சோதனைச் சாவடி தாண்டியதும் முள்ளுக்காடு. கேரள எல்லை கடந்தால் சின்னாறு வனவிலங்கு சரணாலயம். 1984இல் அறிவிக்கப்பட்ட அந்த 90 சதுர கி.மீ. காடு மழை மறைவுப் பக்கத்தில் இருக்கிறது. ஆற்றோர மரங்களின் உச்சியில் சாம்பல் நிற மலையணில் படுத்திருக்கும். 105 மி.மீ. லென்ஸில் அது இலைகளுக்கு நடுவே ஒரு கறை. பிறகு மறையூர்: சந்தனக்காடு, கரும்பு, வெல்லம் காய்ச்சும் ஆலைப்புகை, பாறை மேல் கற்பலகைகளை நிறுத்தி மூடிய முனியறைகள். அங்கிருந்து மேலே ஏறினால் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் காந்தலூர். மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாக வெட்டிய வயல்கள்: பூண்டு, பீன்ஸ், கேரட், உருளைக்கிழங்கு. நடுநடுவே ஆப்பிளும் பிளம்ஸும். அந்தப் படிக்கட்டு வயல்கள் மொத்தமும் 35 மி.மீ. சட்டத்துக்குள் அடங்காது. பின்னால் நகர்ந்து எடுக்கலாம் என்றால் வரப்புக்குப் பின்னால் பள்ளம்.

இதற்கு அன்றைக்கு இருந்த ஒரே வழி கன்வெர்ட்டர் லென்ஸ். கேமரா லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தைக் கழற்றி, ஒரு குழாய் அடாப்டரை மாட்டி, அதன் முனையில் உள்ள 52 மி.மீ. மரையில் இன்னொரு லென்ஸைத் திருக வேண்டும். டெலி கன்வெர்ட்டர் 2.4 மடங்கு. 105 மி.மீ. அதனால் 252 மி.மீ. ஆகும். வைடு கன்வெர்ட்டர் 0.7 மடங்கு. 35 மி.மீ. 24.5 ஆகும். கோணமாகச் சொன்னால், சட்டத்தின் குறுக்களவில் சுமார் 54 டிகிரி பார்த்த கேமரா வைடு மாட்டினால் 73 டிகிரி பார்க்கும். டெலி மாட்டினால் 8 டிகிரிதான் பார்க்கும்.

உள்ளே நடக்கும் வேலை பழையது. 1609இல் கலிலியோ வானத்துக்குத் திருப்பிய தொலைநோக்கியும் டெலி கன்வெர்ட்டரும் ஒரே தத்துவம்: முன்னால் குவிலென்ஸ், பின்னால் குழிலென்ஸ். அதையே திருப்பி வைத்தால் வைடு. இரண்டுமே ஒளியைத் தாங்களாக ஓரிடத்தில் குவிப்பதில்லை. இணையாக வந்த கதிரை இணையாகவே உள்ளே அனுப்புகின்றன. கோணம் மட்டும் மாறுகிறது. அதனால் ஒரு லாபம் உண்டு. எஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸுக்குப் பின்னால் மாட்டும் இரண்டு மடங்கு டெலி கன்வெர்ட்டர் வெளிச்சத்தை நாலில் ஒரு பங்காக்கிவிடும். முன்னால் திருகும் கன்வெர்ட்டரில் அந்த நஷ்டம் இல்லை. எஃப் 4.8 என்றால் 4.8தான்.

சிங்கப்பூரில் வேலை பார்த்த அத்தை மகன் ஊருக்கு வரும்போது வாங்கி வருவதாகச் சொன்னான். “மாப்ள, ஒண்ணுதான். டெலியா, வைடா, சொல்லு.”

நான் போய் நின்ற இடம் உடுமலையில் ஸ்டுடியோ வைத்திருந்த ஓர் அண்ணனிடம். அவரிடமும் ஏ70 இருந்தது. இந்தக் கேள்வி அவருக்குப் புதிதல்ல. அவருடைய பழைய யாஷிகா எலக்ட்ரோ 35க்கே இப்படி ஒரு ஜோடி உண்டு. 1966இல் வந்த அந்தக் கேமராவின் 45 மி.மீ. லென்ஸுக்கு முன்னால் திருகினால் ஒன்று அதை 58 மி.மீ. ஆக்கும், மற்றது 38 ஆக்கும். தலையில் செருகத் தனி வியூஃபைண்டரும் சேர்ந்து வரும். அதைத் தோல் பையோடு எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார்.

“டெலி வாங்கச் சொல்லு தம்பி.”

“ஏனுங்ணா?”

“வைடு வேணும்னா நாலு படம் எடுத்து ஒட்டிக்கலாம். உன் கேமராவிலயே ஒட்டறதுக்குத் தனி மோடு இருக்குது. டெலிக்கு என்ன பண்ணுவே? மூணு மெகாபிக்சல்ல அணிலை வெட்டி எடுத்தா அஞ்சல் தலைக்குக்கூட ஆகாது.”

அசைக்க முடியாத வாதம் அது. படத்தின் நீளத்திலும் அகலத்திலும் பாதியை வெட்டி எடுத்தால் 3.2 மெகாபிக்சலில் மிஞ்சுவது 0.8தான். தூரத்தை வெட்டி வாங்க முடியாத காலம்.

என் பக்கத்து நியாயமும் எனக்குத் தெளிவாக இருந்தது. ஒட்டுப்படம் அசையாத பொருளுக்குத்தான் சரிவரும். காந்தலூரில் எது அசையாமல் இருக்கிறது? ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே மஞ்சு ஏறிவிடும், காற்றில் கிராண்டிஸ் என்கிற யூகலிப்டஸ் மரங்கள் சாயும், பூண்டு பிடுங்குகிறவர்கள் இரண்டு எட்டு நகர்ந்துவிடுவார்கள். முனியறைக்குள் குனிந்து உட்கார்ந்தால் சுவர் ஒரு கை தூரத்தில். அங்கே கேமராவைக் கொஞ்சம் திருப்பினாலே கற்களின் கோடுகள் ஒன்றோடொன்று பொருந்தாது. “எனக்கு ஊர் முழுசா வேணுங்ணா” என்றேன். அவர் சிரித்துவிட்டு, “அப்ப நீ வைடு வாங்கு, நான் டெலி வாங்கறேன். மரை ஒண்ணுதானே” என்றார்.

அப்படித்தான் ஒரு டெலியும் ஒரு வைடும் இரண்டு பேருக்குப் பொதுவாயின. மலைக்குச் சேர்ந்து போவோம். யார் கையில் எது இருக்கிறதோ அவருக்கு அந்த நேரத்தில் மலை அப்படித் தெரியும்.

அந்தக் குழாய் லென்ஸ்கள் கேட்ட உழைப்பை இன்றைக்குச் சொன்னால்தான் புரியும். அடாப்டர் மாட்டியதும் கண் வைத்துப் பார்க்கும் ஓட்டையில் பாதியைக் குழாய் மறைத்துவிடும். ஒன்றரை அங்குலத் திரையில்தான் பார்க்க வேண்டும். உச்சி வெயிலில் அதில் நம் முகம்தான் தெரியும். ஃப்ளாஷ் போட்டால் படத்தின் ஒரு மூலையில் குழாயின் நிழல் அரைவட்டமாக விழும். ஆகவே ஃப்ளாஷ் கிடையாது. முனியறைக்குள் கேமராவைக் கல் மேல் வைத்து, டைமரை ஓடவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுப்போம். டெலி மாட்டினால் ஜூமைக் கடைசி வரை இழுத்துத்தான் ஆக வேண்டும். குறைத்தால் நாலு மூலையும் கறுத்துவிடும். கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி ஏ70இல் இல்லை. 252 மி.மீ.க்கு நொடியில் 250இல் ஒரு பங்கு என்பது பொது விதி. மர நிழலில் அந்த வேகம் எப்படிக் கிடைக்கும்? ஸ்டாண்டு இல்லாமல் அண்ணன் டெலியைத் தொடமாட்டார். வைடு மாட்டினால் ஓரத்து மரங்கள் வளையும், மூலைகள் மங்கும், வானத்துக்கு எதிரே நிற்கும் கிளைகளில் ஊதா நிறக் கரை கட்டும்.

இந்த வகைக் கருவிகளோடு போராடியவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். 1999இல் வந்த நிக்கான் கூல்பிக்ஸ் 950க்கு 183 டிகிரி பார்க்கும் மீன்கண் கன்வெர்ட்டர் இருந்தது. நாம் பார்த்துக்கொண்டு நிற்கும்போது நமக்குச் சற்றுப் பின்னால் இருப்பதையும் அது சட்டத்துக்குள் கொண்டுவரும். அதே கூல்பிக்ஸைப் பறவை பார்க்கும் தொலைநோக்கியின் கண்பக்கத்தில் ஒட்டிவைத்துப் படம் எடுக்கும் முறைக்கு முன்னோடிகளில் ஒருவர் மலேசியப் பறவை ஆர்வலர் லாரன்ஸ் போ. சிறிய கேமராவைப் பெரிய காட்டுக்குக் கொண்டுபோன எல்லாருக்கும் ஆசை ஒன்றுதான்.

இப்போதைய நிலைமைக்கு வருகிறேன். 2016இல் ஐபோன் 7 பிளஸ் இரண்டாவது லென்ஸாக டெலியைக் கொண்டுவந்தது. 2019இல் ஐபோன் 11 120 டிகிரி அகலத்தைக் கொண்டுவந்தது. ஃபிலிம் கணக்கில் அது 13 மி.மீ. நாங்கள் குழாய் திருகிப் பெற்ற 24.5 மி.மீ. இன்றைக்குப் பல போன்களின் சாதாரண லென்ஸ். பள்ளிப் பிள்ளையின் கையிலும் டெலி, வைடு இரண்டும் இருக்கின்றன. வெளிச்சம், நடுக்கம், வளைவு, ஊதாக் கரை எல்லாவற்றையும் போனுக்குள் ஓடும் மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. நாங்கள் ஏங்கியது அத்தனையும் எல்லாருக்கும் கிடைத்துவிட்டது. எனக்கு அதில் முழு மகிழ்ச்சி.

காந்தலூரும் மாறிவிட்டது. 2009இல் ‘பிரமரம்’ மலையாளப் படம் வந்தது. அதில் மோகன்லால் ஜீப்பில் ஏறிய இங்குள்ள மலைக்கு அந்தப் படத்தின் பெயரே வழங்குகிறது. வட்டவடையோடு சேர்த்துக் காந்தலூர்ப் பூண்டுக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2023இல் ஒன்றிய சுற்றுலாத் துறையின் சிறந்த சுற்றுலா கிராமப் போட்டியில் தங்க விருதும் வந்தது. விடுமுறை நாளில் ஜீப்புகள் வரிசைகட்டி ஏறுகின்றன. பூண்டுச் சரிவுகளில் தங்கும் விடுதிகள் எழுந்திருக்கின்றன. அந்த ஊர்க்காரர்களின் பிள்ளைகளுக்கு அதனால் வேலை கிடைக்கிறது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

என்னைக் கவலைப்பட வைப்பது வேறு. இரண்டு லென்ஸும் கையில் இருந்தும் எடுக்கப்படும் படங்கள் இரண்டே வகையாகச் சுருங்கிவிட்டன. ஒரு கிளையில் தொங்கும் ஒரு சிவந்த ஆப்பிள், பின்னணி முழுக்க மங்கல். அல்லது கையை நீட்டிப் போனின் 0.5 என்ற அகல லென்ஸில் எடுத்த ஐந்து முகங்கள், ஓரத்து முகம் இழுபட்டு, பின்னால் ஏதோ ஒரு மலை. முதல் படத்தில் ஊர் இல்லை. இரண்டாவதில் ஊர் இருக்கிறது, அடையாளம் தெரியவில்லை. ஆப்பிள் படத்தைச் சிம்லாவில் எடுத்தது என்று சொன்னாலும் நம்பலாம்.

விளம்பரப் படங்களில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அறையை வைடில் எடுத்துப் பெரிதாக்குவார்கள், ஜன்னலுக்கு வெளியே உள்ள மலையை டெலியில் எடுத்துப் பக்கத்தில் இழுத்து வைப்பார்கள். லென்ஸ் பொய் சொல்வதில்லை. தூரத்தில் நின்று 252 மி.மீ.யில் பார்த்தால் பத்துப் படி வயல்கள் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினாற்போல் நெருங்கித்தான் தெரியும். பக்கத்தில் நின்று அகலமாகப் பார்த்தால் முன்னால் இருப்பது பெருத்து, பின்னால் இருப்பது சிறுத்துத்தான் போகும். எங்கே நிற்கிறோம் என்பதுதான் தோற்றத்தைத் தீர்மானிக்கிறது. கால் நிற்கும் இடத்தைப் பிறகு எந்த மென்பொருளாலும் மாற்றித் தர முடியாது.

யானை விஷயத்தில் இது உயிர் சம்பந்தப்பட்டதாகிவிடுகிறது. மூணாறு பக்கம் ‘படையப்பா’ என்று பெயர் வாங்கிய கொம்பன் சாலைக்கு வந்தால் சுற்றிலும் போன்கள் நீளுகின்றன. சின்னாறு சாலையிலும் காந்தலூர்த் தோட்டங்களிலும் யானை இறங்குவது புதிதல்ல. போனின் அகல லென்ஸில் ஐம்பதடி தூரத்து யானை ஒரு பொம்மை அளவுதான் தெரியும். சிறிதாகத் தெரிகிறது என்பதற்காக ஆட்கள் இன்னும் இரண்டு எட்டு முன்னால் வைக்கிறார்கள். திரையில் இருக்கும் தூரம் தரையில் இல்லை. அண்ணன் டெலி வைத்திருந்த நாள்களில் வழிகாட்டியாக வரும் முதுவர் பழங்குடி இளைஞர் எங்கே நிற்கச் சொல்கிறாரோ அங்கே ஸ்டாண்டை ஊன்றுவார். அதற்கு மேல் ஓர் அடி நகரமாட்டார், நகர வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. காட்டு உயிருக்கு முன்னால் டெலி என்பது வெறும் வசதி இல்லை, மரியாதை. போனில் அந்த 3 அல்லது 5 என்ற பொத்தான் அதற்காகத்தான் இருக்கிறது. அணிலுக்கும் யானைக்கும் அதைத் தொடுங்கள்.

அண்மையில் அந்த நாள்களின் படங்களைப் பெரிதாக அச்சடித்துக் காந்தலூருக்குக் கொண்டுபோனேன். நாங்கள் வழக்கமாகத் தேநீர் குடித்த வீட்டில் இப்போது பாட்டியும் மகனும் மருமகளும் இருக்கிறார்கள். தாத்தா இல்லை. அஞ்சுநாட்டுக்காரர்கள், மதுரைப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்களின் வழி என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறவர்கள். படங்களைத் திண்ணையில் பரப்பினோம்.

அணில் படத்தைப் பார்த்து, “நல்லா இருக்குய்யா” என்று பக்கத்தில் வைத்துவிட்டார் பாட்டி. அடுத்தது வைடில் எடுத்த சரிவு. அதைக் கையில் எடுத்தவர் கீழே வைக்கவே இல்லை. “இது எங்க மேல்வயலு. இது சின்னவங்க பங்கு. இந்த வரப்போட வாய்க்கா வந்துச்சு, இப்ப அது மேல ரோடு போயிருச்சு.” மகன் குனிந்து பார்த்தார். “அம்மா, இந்தப் பாறை அப்ப வெளியே தெரிஞ்சுதா?” மருமகள், தான் கல்யாணமாகி வருவதற்கு முந்தைய ஊரை முதல்முறை பார்த்தார். மூலை மங்கல், வளைந்த மரம், ஊதாக் கரை எதுவும் அவர்கள் கண்ணில் படவில்லை. அந்த ஒரு படத்தில் எந்த வயலில் பூண்டு, எந்த வயலில் பீன்ஸ், எங்கே கிராண்டிஸ் ஏறிவிட்டது, எந்தக் கூரை ஓடு, எது தகரம் என்று எல்லாம் இருந்தன. நான் எடுக்கும்போது கவனித்திராதவையும் இருந்தன. அகலப் படத்தின் பலம் அதுதான்: எடுத்தவன் தேர்ந்தெடுக்காததையும் அது சேர்த்து வைத்துக்கொள்கிறது. அணில் எந்த ஆண்டிலும் அதே அணில். சரிவுக்கு வயது உண்டு.

வைடின் பக்கம் வழக்கு முடிந்தது என்றுதான் அந்த நிமிடம் தோன்றியது. அடியில் இன்னொரு படம் இருந்தது. அண்ணன் டெலியில் எடுத்தது. எதிர்ச்சரிவில் தாத்தா மண்வெட்டியை ஊன்றி, தலைத்துண்டை அவிழ்த்து முகம் துடைத்துக்கொண்டு நிற்கிறார். தன்னை யாரோ பார்க்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. கேமராவுக்கு முன்னால் அவர் எப்போதும் விறைத்து நிற்பவர். கல்யாணப் படத்திலும் அடையாள அட்டையிலும் அந்த விறைத்த முகம்தான் வீட்டில் இருந்தது. பாட்டி அந்தப் படத்தைப் பார்த்து ஒன்றும் பேசவில்லை. “இதை நான் வச்சுக்கறேன்” என்று மட்டும் சொன்னார். சரிவுப் படத்தை மகன் கேட்டார். இரண்டையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஊருக்கு வைடு, ஆளுக்கு டெலி என்று விதி வகுத்துவிடலாம்தான். முனியறைக்குள் உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு வைடு வேண்டும். எதிர்மலையில் ஒற்றையாய் நிற்கும் வீட்டுக்கு டெலி வேண்டும். ஆகவே விதி லென்ஸைப் பற்றியது இல்லை. எதற்காக இங்கே நிற்கிறேன் என்ற கேள்விக்குப் பொத்தானை அழுத்துமுன் பதில் வேண்டும். ஒரே ஒரு குழாய் லென்ஸ் கையில் இருந்தபோது அந்தப் பதிலைச் சொல்லாமல் வீட்டைவிட்டே கிளம்ப முடியாது. இப்போது சொல்லாமலே நூறு படம் எடுத்துவிட முடிகிறது. கருவி அந்தக் கேள்வியைக் கேட்பதை நிறுத்திவிட்டது. நாமே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கன்வெர்ட்டர்களும் மறைந்துவிடவில்லை. ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்100 வரிசையின் லென்ஸ் 35 மி.மீ.க்குச் சமம். அதை 28 ஆக்கும் வைடும் 50 ஆக்கும் டெலியும் இன்றும் விற்கின்றன. ரிக்கோ ஜிஆர் III கேமராவின் 28ஐ 21 ஆக்க 0.75 மடங்கு வைடு உண்டு. 2025இல் சீனாவில் வந்த விவோ எக்ஸ்200 அல்ட்ரா போனுக்கு 2.35 மடங்கு டெலி கன்வெர்ட்டரைத் தனியாகக் கொடுத்தார்கள். 85 மி.மீ. லென்ஸை 200 மி.மீ. ஆக்குகிறது, ஏ70இன் 2.4 மடங்குக்கு மிக அருகில். மெல்லிய போனுக்குள் எவ்வளவு கண்ணாடியை மடித்து வைத்தாலும் தூரத்துக்கு ஓர் எல்லை உண்டு. கடைசியில் முன்னால் ஒரு குழாயைத் திருகத்தான் வேண்டியிருக்கிறது.

இன்று யாராவது என்னிடம் வந்து, ஒன்றுதான் வாங்க முடியும், எதை வாங்க என்று கேட்டால் இப்படிச் சொல்வேன். இப்போதைய கேமராக்களில் மெகாபிக்சல் மிகுதி. வெட்டி எடுத்தால் தூரம் ஓரளவு கிடைத்துவிடும். அன்றைக்கு அண்ணன் சொன்ன நியாயம் இன்றைக்கு அந்த அளவில் தளர்ந்திருக்கிறது. சட்டத்துக்கு வெளியே போனதை வெட்டியும் ஒட்டியும் திருப்பி வாங்க முடியாது. வீட்டு விசேஷம், தெரு, வயல், முனியறை என்றால் வைடு வாங்குங்கள். காட்டுக்குப் போகிறவர் என்றால் யோசிக்காமல் டெலி.

காந்தலூர் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். நீலக்குறிஞ்சி 1994, 2006, 2018 என்று பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இந்த மலைகளில் பூத்திருக்கிறது. கடைசியாகப் பூத்த 2018இல் பெருவெள்ளம் வந்து பாதைகளை அறுத்ததால் பலர் வரவே முடியவில்லை. கணக்குப்படி அடுத்தது 2030. அன்றைக்கு எல்லாரும் பூவை நெருங்கி எடுப்பார்கள், எடுக்கட்டும். அதற்கு முன் இப்போதே ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள்: ஒரு வளைவு, ஒரு பாறை, ஒரு கோயில் படி. போகும்போதெல்லாம் அதே இடத்தில் நின்று அதே திசையில் ஓர் அகலப் படம் எடுங்கள். போனில் அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. 2030இல் குறிஞ்சியோடு சேர்த்து எடுத்து, எல்லாவற்றையும் அச்சடித்து, அந்தச் சரிவில் குடியிருக்கும் யாராவது ஒருவர் கையில் கொடுங்கள். படத்தில் என்ன இருக்கிறது என்று அவர்கள் உங்களுக்குச் சொல்வார்கள்.